நாலு மணி இரைச்சல்

எங்கள் வீட்டில் காரணம் இல்லாமல் யாரும் யாருக்கும் போன் செய்ய மாட்டார்கள். அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். போன் அடித்தால் யாராவது செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் யாருக்காவது கல்யாணம் நிச்சயமாகியிருக்க வேண்டும். ‘சும்மாதான் கூப்பிட்டேன்’ என்று ஒருத்தர் சொன்னால், எதையோ மறைக்கிறார் என்று மற்றவர் நினைத்துக்கொள்வார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாற்பத்தேழு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி பதினோரு வாரம் கூசாமல் பொய் சொன்னது உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

என் பெயர் ஸ்டெல்லா. சொந்த ஊர் பாளையங்கோட்டை. ஹைதராபாத்தில் கச்சிபௌலியில் பதினாலாவது மாடியில் தனியாக இருக்கிறேன். மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. அதாவது, மற்றவர்கள் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். அதை நான் வீட்டிலும் செய்தேன் என்று சொல்லித்தான் என் வீட்டுக்காரர் பிரிந்து போனார். முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ், மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி மீட்டிங் முடிந்தால், திங்கள் காலை வரை நான் பேசுவது ஒரே ஒரு வாக்கியம்தான்: “அக்கட பெட்டண்டி.” அங்கே வையுங்கள் என்று தெலுங்கில். சாமான் கொண்டுவருகிறவர் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவார். நான் கதவைத் திறக்கும்போது லிஃப்ட் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். திங்கட்கிழமை காலையில் முதல் வார்த்தை பேசும்போது தொண்டை கட்டியிருக்கும். கூட வேலை பார்க்கும் சாஹித்யா, “உடம்பு சரியில்லையா?” என்று கேட்பாள். ஜலதோஷம் என்பேன். வருஷம் முழுக்க ஜலதோஷம் பிடித்த பெண் என்று எனக்கு ஆபீஸில் பெயர்.

இந்த லட்சணத்தில்தான் வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டலாம் என்று தோன்றியது. பழைய ரேடியோக்களில் கண்ணாடிக் குழாய் ஒன்று மினுக்மினுக்கென்று எரியுமே, அந்த வால்வு. இணையத்தில் ஒருவர் வரைபடம் போட்டிருந்தார். ஊருக்குள் கோட்டி என்ற இடத்தில், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நெருக்கியடிக்கும் குஜராத்தி கல்லிக்கு இரண்டு தடவை போய்ச் சாமான்களைச் சேர்த்தேன். ஒரு மாதம் சால்டரிங் புகையை முகர்ந்தபடி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கட்டினேன். மேஜை ஆறு பேருக்கானது. ஒரு நாற்காலியைத் தவிர மற்றவை எதற்கு என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தன. அவற்றில் சாமான்களைப் பரப்ப முடிந்ததே ஒரு சந்தோஷமாக இருந்தது.

வரைபடத்தின் தலையில் சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருந்தது. உள்ளே முந்நூற்றைம்பது வோல்ட் ஓடும்; தனியாக இருக்கும்போது மின்சாரம் கொடுக்காதே; பக்கத்தில் ஓர் ஆள், மெயின் சுவிட்சில் கைவைத்து நிற்கட்டும். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஓர் ஆள் நிற்கட்டுமாம். ஆள் இருந்தால் நான் ஏன் அய்யா ஆம்ப்ளிஃபயர் கட்டப்போகிறேன்?

ஆனாலும் விதி விதிதானே. எதிர்வீட்டு விஸ்வநாத்தை அழைத்தேன். பென்ஷன் வாங்குகிற மனிதர், நல்லவர், என் வீட்டு மாற்றுச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வந்து, மெயின் சுவிட்சில் கைவைத்து, முகத்தை மட்டும் வெளியே திருப்பிக்கொண்டு நின்றார். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை “அயிப்போயிந்தா அம்மா?” என்று கேட்டார். முடிந்ததா, முடிந்ததா என்று. சுவிட்சைப் போட்டேன். வால்வுகள் சிவந்தன. சத்தம் மட்டும் வரவில்லை. இருபது நிமிஷத்தில் அவருக்குக் கிரிக்கெட் மேட்ச் ஆரம்பமாகிவிட்டது. மறுபடி அவரைக் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாகவே போட்டுப் பார்த்தேன். அப்போதும் சத்தம் இல்லை. அணைத்தேன், பிளக்கைப் பிடுங்கினேன், கையை உள்ளே விட்டேன். அடுத்து நான் பார்த்தது கூரை. முழங்கை பின்னாலிருந்த அலமாரியில் மோதியிருந்தது, விரல் நுனியில் வெள்ளையாக ஒரு புள்ளி. பிளக் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டரில் மின்சாரம் மிச்சமிருக்கும். அதை மெதுவாக வடித்துவிட ஒரு ரெசிஸ்டர் வைக்க வேண்டும். பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். இன்னொருத்தர் அப்படி விட்டிருந்தால் மூன்று பக்கத்துக்கு ரிப்போர்ட் எழுதியிருப்பேன்.

தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். வலி பெரிதில்லை. நான் செத்திருந்தால் எப்போது தெரியும் என்று ஒரு கணக்கு மனசில் ஓடியது. திங்கள் காலை மீட்டிங்குக்கு வரவில்லை என்றால் லீவு என்று நினைப்பார்கள். செவ்வாய்க்கிழமை சாஹித்யா போன் செய்வாள். புதன்கிழமை விஸ்வநாத் சாவியைத் தேடுவார். புதன்கிழமை என்ற விடை வந்ததும் அழுகை வந்துவிட்டது. போனை எடுத்து யாரைக் கூப்பிடுகிறேன் என்று தெரியாமலே கூப்பிட்டேன்.

எடுத்தது என் அக்கா எப்சிபா. பாளையங்கோட்டையில் இருக்கிறாள். நான் பிரிந்து வந்தபோது, “அவரு தங்கமான மனுசன், நீதான் அனுசரிச்சுப் போகல” என்று சொன்னவள். அதற்குப் பிறகு ஆறு வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு நட்சத்திரப் படம் அனுப்புவாள், நானும் ஒன்று அனுப்புவேன். நடுவில் அத்தான் இறந்தபோது போய் ஓர் இரவு இருந்தேன். அன்றும் ஐஸ் பெட்டி எப்போது வரும் என்பதைத் தவிர நாங்கள் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

“ஏட்டி, யாரு செத்தா?” என்றாள் அக்கா.

“ஒருத்தரும் சாவல. நாந்தான் சாவப் பாத்தேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். வால்வு, கப்பாசிட்டர், ஒன்றும் அவளுக்குப் புரிந்திருக்காது. புதன்கிழமைக் கணக்கையும் சொன்னேன். அது மட்டும் புரிந்திருக்க வேண்டும்.

“இனிமே என்னக் கூப்பிடாம அந்தச் சுவிச்சத் தொட்டேன்னா பாத்துக்கோ” என்றாள். “ஞாயித்துக்கெழம நாலு மணி. கோயிலுக்குப் போயிட்டு வந்து சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சுருவேன். மொகம் தெரியுத மாதிரி கூப்பிடு. அந்த எதிர்வீட்டுக்காரரு நம்பரக் குடு.”

அவளே ஒரு முறையும் வகுத்தாள். போனை என் முகமும் கையும் ஆம்ப்ளிஃபயரும் தெரிகிற மாதிரி நிறுத்தி வைக்க வேண்டும். வேலை செய்துகொண்டே நான் பேச வேண்டும். பேச்சு நின்றால் அவள் பத்து எண்ணுவாள். பத்துக்குள் நான் “இருக்கேன்” என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விஸ்வநாத்துக்குப் போன் போகும். அவருக்குத் தமிழ் தெரியாதே என்றேன். “‘ஸ்டெல்லா, கரண்ட்’னு சொன்னா மனுசனுக்குப் புரியாதா?” என்றாள்.

அப்படித்தான் போன ஜூன் மாதம் ஆரம்பித்தது. என் போனின் பேட்டரி கிழடு. வீடியோ காலில் அரை மணி நேரம் தாங்காது. அதனால் மேஜைமேல் இருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்திலேயே சார்ஜரையும் சொருகி, போனை அதில் மாட்டியே வைப்பேன்.

முதல் ஞாயிறு, மின்சாரத்தை வடிக்கும் அந்த ரெசிஸ்டரை வைத்தேன். இரண்டாவது ஞாயிறு, சத்தம் வராததன் காரணம் கிடைத்தது. ஒரு சால்டர் பார்வைக்குப் பளபளவென்று இருந்துகொண்டு, உள்ளே ஒட்டாமல் இருந்திருக்கிறது. மறுபடி உருக்கி வைத்ததும் ஸ்பீக்கர் உயிர் பெற்றது. ஆனால் பாட்டுக்குப் பதில் வந்தது ஓர் இரைச்சல், கொய்ங்கென்று, நிற்காமல்.

“அக்கா, சத்தம் வந்துட்டு! ஆனா இரைச்சலா இருக்கு.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலயட்டி.”

வீடியோ காலில் பேச்சைத் தவிர மற்ற சத்தத்தையெல்லாம் போனே வடிகட்டிவிடும் என்று விளக்கினேன். “நீ சொன்னா சரி” என்றாள்.

இரைச்சல் என்றால் பவர் சப்ளையில்தான் கோளாறு என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. நானும் வாரத்துக்கு ஒன்றாகச் சரிபார்த்தேன். வால்வைச் சூடாக்கும் கம்பிகள் இரண்டையும் பின்னல் போல முறுக்கினேன். கொஞ்சம் குறைந்தது. ஆளுக்கொரு பக்கம் போன எர்த் கம்பிகளை ஒரே இடத்தில் சேர்த்தேன். இன்னும் கொஞ்சம் குறைந்தது. பெரிய கப்பாசிட்டரை மாற்றினேன், சோக்கைக் கழற்றித் திருப்பி வைத்தேன். மிச்சம் அசைந்து கொடுக்கவில்லை.

நான் குடைந்துகொண்டிருக்க, அக்கா அந்தப் பக்கம் பூண்டு உரிப்பாள், அவரைக்காய் நறுக்குவாள். முதலில் ஆம்ப்ளிஃபயர் பற்றி மட்டும்தான் பேசினோம். பிறகு பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது, கோயிலில் புதுப் பாதிரி ஐயர் பிரசங்கத்தை இழுக்கிற இழுப்பு, அவளுக்கு முட்டு வலி. ஒரு நாள் தானாகவே, “அத்தான் போனப்பறம் ஒரு ஆளுக்குச் சமைக்க அளவே வரமாட்டேங்கு” என்றாள். எனக்கும் அப்படித்தான் என்றேன். மீதிச் சோற்றை என்ன செய்வது என்று அரை மணி நேரம் பேசினோம். இன்னொரு நாள் என் வீட்டுக்காரர் பேச்சு வந்தது. “நா அன்னைக்கு அப்படிச் சொல்லிருக்கப்படாது” என்றாள், கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு. “கையப் பாத்து நறுக்குக்கா” என்றேன். ஆறு வருஷக் கோபம் அதோடு சரி.

திங்கட்கிழமைகளில் என் தொண்டை கட்டுவது நின்றுவிட்டது. ஜலதோஷம் போய்விட்டதே என்றாள் சாஹித்யா.

செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு. ஆம்ப்ளிஃபயர் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து ஒரு கம்பியை மாற்றுவதற்காகச் சால்டரிங் ராடைச் சூடேற்ற நினைத்தேன். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இடமில்லை. போன் முக்கால்வாசி சார்ஜ் ஏறியிருந்ததால், சார்ஜரைப் பிடுங்கினேன்.

இரைச்சல் நின்றது.

காது அடைத்துவிட்டதோ என்று விரலைச் சொடுக்கிப் பார்த்தேன். கேட்டது. சார்ஜரைத் திரும்பச் சொருகினேன், கொய்ங். பிடுங்கினேன், அமைதி. சொருகினேன், கொய்ங். சோதிக்கிறவள் புத்தி, மூன்று தடவை பார்க்காமல் நம்பாது. மூன்றாவது தடவையும் பிடுங்கியபோது அந்த அறையில் இருந்த அமைதியைப் போல ஒன்றை நான் கேட்டதே இல்லை.

கோளாறு ஆம்ப்ளிஃபயரில் இல்லை. எப்போதோ தெருவோரம் வாங்கிய சொத்தைச் சார்ஜர் அது. அக்கா இல்லாமல் சுவிட்சைப் போடக் கூடாது என்பது விதி. அக்கா என்றால் போன், போன் என்றால் சார்ஜர். அதனால் சத்தம் வந்த நாளிலிருந்து அந்த ஆம்ப்ளிஃபயர் சார்ஜர் இல்லாமல் ஒரு நிமிஷம்கூட ஓடியதில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், காவலுக்கு வைத்ததை மட்டும் சந்தேகப்படவில்லை.

வெற்றிதான். குதித்திருக்க வேண்டும். ஆனால் குதிக்கத் தோன்றவில்லை. சரியாகிவிட்டது என்று சொன்னால் அக்கா சந்தோஷப்படுவாள், ஆண்டவருக்குத் தோத்திரம் என்பாள், சரி வைக்கட்டுமா என்பாள். அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு என்ன சொல்லிக் கூப்பிடுவது? சும்மாதான் கூப்பிட்டேன் என்றா? எங்கள் வீட்டில் அப்படி ஒரு வார்த்தை கிடையாதே. நாலு ஞாயிறு கழித்துக் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குத் திரும்பிவிடுவோம்.

“ஆறு… ஏழு… எட்டு…” போனிலிருந்து குரல் வந்தது. அக்கா முருங்கைக்கீரையை ஆய்ந்தபடி எண்ணிக்கொண்டிருந்தாள்.

“இருக்கேன்க்கா.”

“என்னட்டி பேச்சக் காணும். போயிட்டா அந்த இரைச்சலு?”

சார்ஜரைச் சொருகினேன்.

“போகலக்கா” என்றேன். “இன்னும் இருக்கு.”

அதற்குப் பிறகு பதினோரு வாரம். ஒவ்வொரு சனிக்கிழமையும் உட்கார்ந்து அடுத்த நாளுக்கு ஒரு கோளாறு யோசிப்பேன். இல்லாத குற்றத்தைக் கண்டுபிடிப்பது இருப்பதைக் கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டம். நல்ல ஒயரை அறுத்து மறுபடி ஒட்டினேன். சரியாக இருந்த ரெசிஸ்டரைக் கழற்றி, அதே ரெசிஸ்டரை வைத்தேன். அக்கா, “இப்பம்?” என்பாள். உதட்டைப் பிதுக்குவேன். “கழுத, அடுத்த வாரம் பாப்போம்” என்பாள். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் நாலு மணிக்கு அவள் முகம் தெரிந்ததும் வெட்கம் போன இடம் தெரியாது. வீடியோ கால் முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிடுவேன். அவள் இல்லாமல் போட மாட்டேன் என்று சொன்ன வாக்கை மட்டும் மீறவில்லை. அதனால் அத்தனை மாதம் பாடுபட்டுக் கட்டிய ஆம்ப்ளிஃபயரில் நான் முழுசாக ஒரு பாட்டுகூடக் கேட்டதில்லை.

டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு. போனில் அக்காவுக்குப் பக்கத்தில் இன்னொரு தலை. அவள் மகன் ஜேம்ஸ். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர், லீவுக்கு வந்திருந்தான்.

“சித்தி, அம்மா ஆறு மாசமா இந்தக் கதையத்தான் சொல்லுதாங்க. காட்டுங்க பாப்போம்.”

காட்டினேன். அவன் படித்த கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்த்தான். எர்த் எங்கே என்றான், சோக்கு எந்தப் பக்கம் என்றான். நல்லா கட்டியிருக்கீங்க சித்தி என்றான். பிறகு போன் பக்கம் முகத்தைக் கொண்டுவந்தான்.

“அந்தப் பொட்டியில வெள்ளையா மாட்டிருக்கே, அது போன் சார்ஜர்தான? அதக் கழட்டிட்டுப் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை என்றால் இப்போதே பார்க்கச் சொல்வான். பார்த்தேன், போகவில்லை என்றால் படித்தவன் நம்ப மாட்டான். அக்காவை ஏமாற்ற முடிந்தது, இவனை முடியாது. சார்ஜர்மேல் கைவைத்தேன். ஆறு மாதம் இந்த ஒரு பிளக்கில்தான் தொங்கிக்கொண்டிருந்தது என்று நினைத்தேன். பிடுங்கிவிட வேண்டியதுதான்.

“ஏல, அதெல்லாம் அவ எப்பமோ பாத்துட்டா” என்றாள் அக்கா.

அவள் நிமிரவில்லை. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“செப்டம்பர் மாசம். அன்னைக்கும் முருங்கக்கீரதான். கழட்டுனா, மாட்டுனா. கழட்டுனா, மாட்டுனா. மூணு வாட்டி. நாந்தான் அவ மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேனே.”

“அப்பம் இரைச்சலு போயிட்டா?” என்றான் ஜேம்ஸ்.

“போகல” என்றாள் அக்கா. “போகலன்னு அவ அன்னைக்கே சொல்லிட்டா. நீ போயி காப்பிக்குப் பாலு வாங்கிட்டு வா.”

ஜேம்ஸ் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்து போனான். வெளிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அக்கா ஒரு கொத்தை எடுத்து உருவினாள், ஈர்க்கைத் தனியாகப் போட்டாள்.

“அடுத்த வாரம் அந்தப் பெரிய டப்பாவ மாத்திப் பாருட்டி” என்றாள்.

கப்பாசிட்டரைத்தான் சொல்கிறாள்.

“அத ஆகஸ்ட்லயே மாத்தியாச்சுக்கா.”

“இன்னொரு வாட்டி மாத்து.”

அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. மேஜையில் ஆம்ப்ளிஃபயர் கொய்ங்கென்று இரைந்துகொண்டிருந்தது. அவளுக்கு அது கேட்காது. ஒரு நாளும் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று துடைக்காமல் இருந்தேன். அவள் கீரையைப் பார்த்துக்கொண்டே எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு என்று எப்போதையும்விட மெதுவாக எண்ணினாள். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். ஒன்பதில் நின்றுகொண்டு, பத்தைச் சொல்லாமல் காத்திருந்தாள்.

“இருக்கேன்க்கா” என்றேன்.